காவல் நிலைய மேசையில் காணாமல் போகும் சட்டப்பிரிவுகள்: தலித் பெண்களின் பாலியல் வன்கொடுமைப் புகார்கள் எப்படிக் கையாளப்படுகின்றன?

உடுமலைப்பேட்டையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பொள்ளாச்சி. அங்கு நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்பது இவ்வழக்கின் தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது. நாமும் அத்தீர்ப்பை வரவேற்றோம்.

ஆயினும் அவ்வழக்கு எங்கே தொடங்கியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரி 24 அன்று ஒரு கல்லூரி மாணவி பொள்ளாச்சிக் காவல் துறையிடம் புகார் அளித்தார். முதல் தகவல் அறிக்கை மானபங்கம், கொள்ளை முதலிய பிரிவுகளோடு பதிவானது. கூட்டு வல்லுறவுப் பிரிவு பின்னர்தான் வந்தது. புகார் கொடுத்த சில நாட்களிலேயே மாணவியின் சகோதரர் தாக்கப்பட்டார். மார்ச் மாதத்தில் கோவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர் சந்திப்பில் அம்மாணவியின் பெயரை வெளியிட்டார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிப் பிறப்பிக்கப்பட்ட அரசாணையிலும் அடையாள விவரங்கள் இடம்பெற்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அடையாளம் இல்லாத புதிய அரசாணையை வெளியிடவும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

மாநிலமே கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கில், ஒரு மாவட்டத்தின் தலைமைக் காவல் அதிகாரியே இப்படி நடந்துகொள்ள முடிந்தது. அப்படியானால், எந்தத் தொலைக்காட்சிக் கேமராவும் திரும்பாத ஒரு சிற்றூரிலிருந்து, தென்னந்தோப்பிலோ நூற்பாலையிலோ கோழிப்பண்ணையிலோ கூலி வேலை செய்யும் ஓர் அருந்ததியர் பெண் காவல் நிலையத்திற்கு வரும்போது என்ன நடக்கும்? இக்கட்டுரை அக்கேள்விக்குச் சட்டத்தின் வழியே விடை தேட முயல்கிறது. புகார் மேசையில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும், எழுதப்படாமல் விடப்படும் ஒவ்வொரு வரிக்கும் பின்னாளில் என்ன விளைவு ஏற்படுகிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் தடை: ரசீது

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒன்று உண்டு. மனு பெறப்பட்டதற்கான ஒப்புகைச் சீட்டு அது. மனு ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டதாக நம்பி வீடு திரும்புவோர் ஏராளம். உண்மையில் அந்தச் சீட்டால் குற்றவாளியைக் கைது செய்ய முடியாது. மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது. நீதிமன்றத்திற்கு எந்தத் தகவலும் போகாது. அது தருவது காலம் மட்டுமே. அந்தக் காலமும் எதிர்த்தரப்புக்கே பயன்படுகிறது. இரண்டு தரப்பையும் அழைத்துப் ‘பேசிப் பார்ப்பது’, ஊர்ப் பெரியவர்கள் வருவது, தோட்டத்து உரிமையாளர் கொடுத்த முன்பணத்தை நினைவூட்டுவது, எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. கைது செய்யத்தக்க குற்றம் ஒன்று நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று, லலிதா குமாரி வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வல்லுறவுக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மத்தியப் பிரதேச அரசு எதிர் மதன்லால் வழக்கில் 2015இல் அதே நீதிமன்றம் கூறியது. பாலியல் குற்றத்தைப் பற்றிய தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திற்குக் குறையாத, இரண்டு ஆண்டுகள் வரை நீளக்கூடிய கடுங்காவல் தண்டனையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு விதிக்கிறது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 166ஏ என்ற எண்ணில் வந்த பிரிவின் தொடர்ச்சியே இது.

எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தது என்ற தர்க்கமும் செல்லாது. உடுமலைப்பேட்டை திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. பொள்ளாச்சி கோவை மாவட்டத்தில் இருக்கிறது. வேலைக்காக அன்றாடம் இந்த எல்லையைக் கடப்போர் பலர். ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன்பு வழி இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் தகவலைப் பெண் காவல் அதிகாரியே எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும்.

இரண்டாம் தடை: குறைத்து எழுதப்படும் குற்றம்

பதிவு செய்ய மறுப்பதைவிட ஆபத்தானது குறைத்துப் பதிவு செய்வது. மறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, குறைப்பு தெரிவதில்லை. வல்லுறவு என்று சொல்லப்பட்டது மானபங்கம் என்று எழுதப்படும். ‘கையைப் பிடித்து இழுத்தார்’ என்ற ஒரு வரியில் முழுக் கொடுமையும் அடங்கிவிடும். எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கப்படும்.

இந்தக் குறைப்பு புதிய சட்டத்தில் மேலும் ஒரு கதவைத் திறக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 173ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு சொல்கிறது. வல்லுறவுக் குற்றம் இந்த வரம்புக்குள் வராது. ஐந்து ஆண்டு வரை தண்டனை உள்ள மானபங்கப் பிரிவு வரும். ஆக, குற்றத்தை ஒரு படி குறைத்து எழுதினால் இரண்டு வாரக் கால அவகாசம் சட்டப்படியே கிடைத்துவிடுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட அதன் 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய எந்த முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை; கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதலும் தேவையில்லை. பிற சட்டங்களோடு முரண் ஏற்பட்டால் இச்சட்டமே மேலோங்கும் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு கிடைக்க, அச்சட்டத்தின் பிரிவு முதலில் அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் தடை: எழுதப்படாத சாதி

‘முதலில் வல்லுறவு வழக்காகப் போடுவோம், சாதிச் சான்றிதழ் கொண்டு வந்தபின் அந்தப் பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற வாக்கியம் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்குப் பழகிப்போன ஒன்று. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அறிக்கை பதிவு செய்வதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விசாரணையின் போது அதைப் பெற்றுக்கொள்ளலாம். வட்டாட்சியரிடம் கேட்டுப் பெறக் காவல் துறைக்கே இயலும்.

அந்தப் பிரிவு முதல் நாளிலேயே இல்லாமல் போனால் இழப்பவை என்னென்ன?

ஒன்று, விசாரணை அதிகாரி. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 7ஆம் விதிப்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பிரிவு இல்லையென்றால் விசாரணை உள்ளூர் நிலையத்தோடு நின்றுவிடும்.

இரண்டு, முன்பிணை. 18ஆம் பிரிவு முன்பிணையைத் தடுக்கிறது. பிரிவு இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவர் முன்பிணை கோர எந்தத் தடையும் இல்லை.

மூன்று, பாதிக்கப்பட்டவரின் குரல். 15ஏ பிரிவின்படி, பிணை மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தர வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, தேவையெனில் வேறிடத்தில் தங்க வைப்பது ஆகியவை அரசின் கடமை.

நான்கு, நிவாரணம். 2016ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி வல்லுறவுக்கு 5 லட்சம் ரூபாயும், கூட்டு வல்லுறவுக்கு 8.25 லட்சம் ரூபாயும் குறைந்தபட்ச நிவாரணம். இதில் பாதித் தொகை, மருத்துவப் பரிசோதனையும் அதன் உறுதிசெய்யும் அறிக்கையும் முடிந்த உடனேயே தரப்பட வேண்டியது. 25 விழுக்காடு குற்றப்பத்திரிகையின் போதும், எஞ்சிய 25 விழுக்காடு விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு முடியும் போதும் தரப்பட வேண்டும். குற்றவாளியின் தோட்டத்திலேயே வேலை, அவர் கொடுத்த கடனிலேயே குடும்பம் என்றிருக்கும் ஒரு பெண்ணுக்கு, அந்த முதல் தவணைதான் புகாரில் உறுதியாக நிற்பதற்கான பொருளாதாரத் தரை. அதைத் தாமதப்படுத்துவது சமரசத்துக்குத் தள்ளுவதற்குச் சமம்.

சாதியை எழுதுவதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆந்திரத்தைச் சேர்ந்த, பார்வையற்ற தலித் பெண் ஒருவர் மீதான வல்லுறவு வழக்கில், பட்டான் ஜமால் வாலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற தீர்ப்பை 2021இல் உச்ச நீதிமன்றம் வழங்கியது. பாலினம், சாதி, உடற்குறைபாடு ஆகியவை ஒரு பெண்ணின் வாழ்வில் தனித்தனியாக இயங்குவதில்லை, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தே ஒடுக்குகின்றன என்று நீதிமன்றம் விரிவாக எழுதியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. காரணம், குற்றம் நடந்த 2011ஆம் ஆண்டில் இருந்த சட்டம், அப்பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற ‘காரணத்தால்’ குற்றம் நடந்ததாக மெய்ப்பிக்கச் சொன்னது. அதற்கான சாட்சியம் பதிவில் இல்லை.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சுமையைக் குறைத்துவிட்டது. இப்போது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்பது குற்றவாளிக்குத் ‘தெரிந்திருந்தால்’ போதும். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரடியாக அறிந்திருந்தால், சாதியும் அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. ஊரும் சேரியும் தனித்தனியே கிடக்கும் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் யாருக்கு யாருடைய சாதி தெரியாது? இருந்தும் அது வாக்குமூலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘இவர் எங்கள் ஊர்க்காரர், என் தந்தை இவர் தோட்டத்தில் வேலை செய்கிறார், எங்களை நன்றாக அறிவார்’ என்ற மூன்று சிறு வாக்கியங்கள் முதல் வாக்குமூலத்தில் இடம்பெறாததால் ஒரு வழக்கின் சாதித்தன்மையே நீதிமன்றத்தில் கரைந்துபோகக் கூடும்.

நான்காம் தடை: உடலும் நேரமும்

தகவல் கிடைத்த 24 மணி நேரத்திற்குள் பாதிக்கப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவு. அவருடைய ஒப்புதல் இன்றிப் பரிசோதிக்கக் கூடாது. ஏழு நாட்களுக்குள் அறிக்கை விசாரணை அதிகாரிக்குச் சென்றாக வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசச் சிகிச்சை தருவது கட்டாயம் என்று 397ஆம் பிரிவு கூறுகிறது.

தடயங்கள் மணிக்கணக்கில் அழிகின்றன. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பன்வாரி தேவிக்கு மருத்துவப் பரிசோதனை இரண்டு நாட்களுக்குப் பிறகே நடந்தது. 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்புக்கு அவருடைய போராட்டமே விதை. நாடெங்கும் பெண்களுக்குப் பாதுகாப்பு ஈட்டித் தந்த அவருக்குத் தம் வழக்கில் நீதி கிடைக்கவில்லை.

பெண்ணின் பாலியல் கடந்த காலத்தை ஆராயும் இரு விரல் பரிசோதனையை 2013இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்ய அறிவுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், அப்பரிசோதனையை நடத்துவோர் ஒழுங்கீனக் குற்றவாளிகளாகக் கருதப்படுவர் என்று அறிவித்தது. இனியும் எந்த மருத்துவ அறிக்கையிலாவது அதன் சுவடு தெரிந்தால், அதை எதிர்த்து எழுத்தில் புகார் செய்ய வேண்டும்.

தாமதமாக வந்தவர்கள் மனம் தளரத் தேவையில்லை. பாலியல் குற்றப் புகாரில் ஏற்படும் தாமதம் மட்டுமே வழக்கைக் கெடுக்காது என்றும், நம்பத்தக்கதாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் ஒற்றைச் சாட்சியமே போதும் என்றும் பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஐந்தாம் தடை: வெளியாகும் பெயர்

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பொள்ளாச்சியில் நடந்ததிலிருந்து காவல் துறை பாடம் கற்றதா? 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வன்கொடுமையில், மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே பொதுவெளியில் பரவியது. மீண்டும் உயர் நீதிமன்றம் தலையிட்டு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது; மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. அந்த வழக்கில் 2025 மே 28 அன்று குற்றம் உறுதியானது.

ஒரு நகரத்து வழக்கில் பெயர் கசிந்தால் அது செய்தியாகிறது. கிராமத்தில் கசிவு வேறு வடிவம் எடுக்கிறது. காவல் வாகனம் சேரிக்குள் சீருடையோடு வந்து நிற்கிறது. விசாரணை என்று தெருவில் நான்கு பேரிடம் கேட்கப்படுகிறது. மாலைக்குள் ஊர் முழுதும் தெரிந்துவிடுகிறது. இதைத் தவிர்க்கவே, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, பெற்றோர் அல்லது சமூகப் பணியாளர் உடனிருக்கப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று 176ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தையாக இருந்தால் அதிகாரி சீருடை அணியக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

பொள்ளாச்சி வழக்கு நமக்குத் தரும் உறுதியான பாடம் இதுவே. தொடக்கத்தில் பெயர் வெளியிடப்பட்டது பெண்களை அச்சுறுத்தியது. பின்னர் அடையாளம் காக்கப்பட்டு, மூடிய நீதிமன்ற அறையில் விசாரணை நடந்தபோது, எட்டுப் பெண்கள் உறுதியாக நின்று சாட்சி சொன்னார்கள். பெண்கள் பிறழ்சாட்சி ஆவது அவர்களுடைய மன உறுதிக் குறைவால் என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்பு இருந்த இடத்தில் அவர்கள் பிறழவில்லை.

காவலரே குற்றவாளியாகும்போது

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் சேர்ந்து பழங்குடி மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டனர். சீருடை அணிந்தவர்கள் மீதான புகாரை உள்ளூர்க் காவல் நிலையம் ஏற்கவில்லை. மக்கள் போராடி, உயர் நீதிமன்றம் 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட பின்பே உண்மை வழக்காயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. ஒரு புகார் உரிய நாளில் பதிவாகாமல் போனதன் விலை, அப்பெண்களின் வாழ்நாளில் முப்பது ஆண்டுகள்.

பொறுப்பு யாருடையது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. தகவலை எழுதி வாசித்துக் காட்டுவது, உரிய பிரிவுகளில் பதிவு செய்வது, நகல் தருவது, வாக்குமூலம் பெறுவது, 60 நாட்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது ஆகியவற்றை அது கடமைகளாகப் பட்டியலிடுகிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் இவற்றை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. இவ்வளவு தெளிவான பிரிவு அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. காவல் அதிகாரிகள் மீது காவல் துறையே நடவடிக்கை எடுக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சிறப்பு நீதிமன்றமே இக்குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம். குறைத்துப் பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு வழக்கிலும் 4ஆம் பிரிவின் கீழ் மனு தாக்கல் செய்வதை நம் வழக்கறிஞர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி, இன்று உடுமலைப்பேட்டை உட்பட மாநிலம் முழுவதும் அவை இயங்குகின்றன. பெண் அதிகாரி இருப்பது பேசும் தயக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் பழக்கம் அங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதே பழக்கத்தை வல்லுறவுப் புகாருக்கும் நீட்டிப்பது பெரும் தீங்கு. 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த ஊர் இது. பெண்ணின் உடலையும் விருப்பத்தையும் சாதியின் சொத்தாகக் கருதும் மனநிலைதான் அந்த அரிவாளையும் ஓங்கியது; தலித் பெண்ணின் உடலுக்கு மதிப்பில்லை என்று கருதுவதும் அதே மனநிலைதான். சீருடை அணிவதால் மட்டும் அது கழன்றுவிடாது.

புகார் கொடுக்கச் செல்வோர் கவனத்திற்கு

தனியே செல்ல வேண்டாம்; நம்பிக்கைக்குரிய ஒருவரோ வழக்கறிஞரோ உடன் வரட்டும். புகாரை எழுதியே கொண்டு செல்லுங்கள். அதில் உங்கள் சாதியையும், குற்றம் செய்தவரின் சாதியையும், அவருக்கு உங்களை எப்படித் தெரியும் என்பதையும் குறிப்பிடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்ப வேண்டாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு உள்ளதா என்று பாருங்கள். அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் புகாரை அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். அதன் பின்னும் அசையவில்லை என்றால் நீதிமன்றத்தை நாடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதை மறுக்க முடியாது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566.

நல்ல சட்டங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றுள் பல, தலித், பழங்குடிப் பெண்கள் தம் உடலில் பட்ட காயங்களிலிருந்து பெற்றவை. அவை முதல் நாள் இரவே காவல் நிலையத்தின் தாளில் எழுதப்பட வேண்டும். எழுத மறுக்கும் கை எவருடையது என்றாலும், அதற்குரிய தண்டனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் பணி நம்முடையது.